ஒரு குவளை ஐஸ் எதுவரை செல்லும்?

மாதகல் கடல் கிட்ட இருப்பதால் பண்டத்தரிப்புப் பக்கத்தில் மீனுக்குக் குளிரறை வேண்டும். பாணுக்குப் போறணை வேண்டும். இரண்டிலும் வெப்பநிலைச் சென்சர் பூட்டுகிறவரின் வழக்கமான சோதனை, ஒரு குவளை நொறுக்கிய ஐஸ். சென்சரை அதற்குள் விட்டு, கொன்ட்ரோலர் காட்டும் பிழையை அமைப்பில் கழித்துவிடுவார். படித்த பொறியியலாளர் சிலர் இதைக் கைவைத்தியம் என்பார்கள். குளிரறையைப் பொறுத்தவரை அந்த ஏளனம் நியாயமில்லை.

அங்கே இருப்பது பெரும்பாலும் பி.ரி. 100. 0 பாகையில் அதன் தடை 100 ஓம், பாகைக்கு 0.385 ஓம் கூடும். 0.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 20 மீற்றர் போய்வர ஏறத்தாழ 1.4 ஓம். இரண்டு வயரால் இணைத்தால் அதுவும் சென்சரின் கணக்கில் ஏறி, 3.6 பாகை கூட்டிக் காட்டும். மறை 18 பாகையிலும் பிழை ஏறத்தாழ அவ்வளவே என்பதால் ஐஸில் கழித்தது அங்கும் பொருந்தும். நொறுக்குவதற்குக் கட்டியின் தெளிந்த வெளிப்பக்கம்தான் நல்லது. வெள்ளை நடுவில் கிணற்றுத் தண்ணியின் உப்பு ஒதுங்கியிருக்கும். அது 0 பாகைக்குக் கீழேயே உருகும்.

வில்லங்கம் பிறகுதான். உப்புக்காற்றில் முனை களிம்பு பிடித்து 0.4 ஓம் ஏறினால் காட்சி ஒரு பாகை கூடும். கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும், நட்டம் கரண்ட் பில்லோடு போகும். யாராவது வயரைக் குறுக்கிவிட்டு, பழைய கழிவை மாற்ற மறந்தாலோ, மறை 18 என்று காட்டும் அறை உண்மையில் மறை 15இல் நிற்கும். மீன் கெடுவது யாருக்கும் தெரியாது. மூன்று வயர் இணைப்பு இதைத் தவிர்க்கும், மூன்றின் தடையும் ஒத்திருக்கும்வரை.

போறணையில்தான் இந்த முறை ஏமாற்றுகிறது. அங்கே பூட்டும் கே ரக தேர்மோகப்பிளுக்கு அதற்கென்றே உள்ள வயர் வேண்டும்; அது கிடைக்காவிட்டால் சாதாரணச் செப்பு வயரால் நீட்டிவிடுகிறார்கள். ஐஸ் சோதனையில் இது தேறிவிடும், அப்போது செப்பு வயர் சேரும் இணைப்புப் பெட்டியும் கொன்ட்ரோலரும் ஒரே வெப்பத்தில் இருப்பதால். போறணை சூடேறி பெட்டி 60 பாகைக்குப் போய், கொன்ட்ரோலர் 30இல் நின்றால், காட்சி ஏறத்தாழ 30 பாகை குறையும். 200 என்று நம்பிப் பாணை வைப்பவருக்கு உள்ளே 230. கொதிநீர்ச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஹோமாகமவிலுள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் சான்றிதழும் அனுப்பிய சென்சருக்குத்தான், பேக்கரிச் சுவரில் ஓடும் வயருக்கு அல்ல. போறணை சூடாக இருக்கும்போதே உள்ளே இன்னொரு மானியை வைத்து ஒப்பிட வேண்டும்.