நாலில் ஒன்று விடும்போது

1985 ஜூலை 9-இல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அடுத்த மாதமே பினாங்குப் பாலத் திறப்பு விழாவில் மலேசியப் பிரதமர் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். அந்தக் காலத்துச் சாகாவின் பானெட்டைத் திறந்தால் மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் ஓரியன் இஞ்சின், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஒரே ஒரு காயில். கம்ப்யூட்டர் கிடையாது, சொருகிப் பார்க்க ஸ்கேனரும் வேலைக்காகாது. மிஸ் அடிக்கும் பழைய சாகாவைப் போலக் காதுக்கும் கைக்கும் தீனி போடும் வண்டி வேறில்லை என்பது என் கட்சி.

எடுத்த எடுப்பில் எதையும் கழற்றாதீர்கள். ஸ்லோவில் ஓடவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் இஞ்சினில் 1,600 வெடிப்பு. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் அதில் 400 போச்சு. நொடிக்கு ஆறேழு ஓட்டை. எண்ண முடியாதுதான். ஆனால் தைப்பூசத்தன்று உறுமி மேளத்தில் ஒருவர் ஓர் அடியை விட்டுக்கொண்டே வந்தால் காது பிடித்துவிடுமே, அப்படிப் பிடித்துவிடும். ஓட்டை ஒரே சீராக வருகிறதா, கண்டபடி வருகிறதா? சீராக வந்தால் கோளாறு பெரும்பாலும் ஒரு சிலிண்டரோடு நிற்கிறது: பிளக், வயர், வால்வு. கண்டபடி வந்தால் நாலுக்கும் பொதுவான காயில், ரோட்டர், பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

அப்படியே சைலன்சர் வாயருகே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். நல்ல இஞ்சின் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டு உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கலாம். இதற்கு ரிங்கிட் நோட்டை நீட்டுகிறவர்களும் உண்டு. பழைய பேப்பரே போதும்.

"மழை பேஞ்சா மட்டும் காடி இழுக்க மாட்டேங்குது, அண்ணே" என்று ஒருவர் போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஈரமும் உப்புக்காற்றும் ஓயாத இந்தப் பினாங்குத் தீவில் பழைய பிளக் வயரின் ரப்பர் வெடிக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழைக் கீறல் விழும். பல ஆயிரம் வோல்ட் அந்தக் கீறல் வழியே கிடைத்த இரும்புக்குத் தாவிவிடும், பிளக்குக்கு வந்து சேராது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டான இடத்தில் பானெட்டைத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மேல் பூவாளியில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நீல நூல்போல ஒரு பொறி 'டிக் டிக்' என்று குதிக்கும். கை மட்டும் கிட்டே போகக்கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தள்ளியே நிற்க வேண்டும்.

வீட்டு வாசலில் ஒழுங்காக ஓடி, பாலத்தின் நடு ஏற்றத்திலோ தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதையிலோ மட்டும் உதறும் வண்டி உண்டு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அதைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். நோஞ்சான் காயிலும் தேய்ந்த பிளக்கும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அடைத்துப்போன பெட்ரோல் ஃபில்டரின் குட்டும் ஏற்றத்தில்தான் வெளிப்படும். நேர்மாறாக, ஸ்லோவில் மட்டும் விட்டு, வேகம் கூடினால் சரியாகிவிட்டால் பெரும்பாலும் எங்கோ வேக்கும் டியூப் காற்றை உறிஞ்சுகிறது. 'ஸ்ஸ்' என்ற சத்தத்தைத் தேடுங்கள்.

இனி கழற்றலாம், இஞ்சின் ஆறிய பிறகு. நாலு பிளக்கையும் வரிசை மாறாமல் பேப்பரில் வையுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்து மணந்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ. சந்தேகப்பட்ட பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். நாலு பிளக், வயர், காயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுகிறவர்களுக்கு வண்டி சரியாகும், எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. வயரைத் திரும்ப மாட்டும்போது 1-3-4-2 என்ற வரிசையை மறந்தால் கார்புரேட்டர் வழியே வெடிச்சத்தம் கேட்கும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் கம்ப்ரெஷன் கேஜ். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். மூன்றில் எதுவானாலும் வண்டியைப் போமனிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில்தான் வீடு திரும்ப வேண்டும்.