இறுகப் பற்றினால் போதுமா?

கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் கதையைப் பற்றியவை என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். "என் புருஷன் என்னோடு பேசி ஒரு வருஷமாகிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறவர்களும் எழுதுகிறார்கள். நான் பெரிய அறிவாளி என்று எண்ணியா என்னைக் கேட்கிறார்கள்? இல்லை. நான் அவர்களுக்கு உறவுக்காரன் இல்லை, அதனால்தான் கேட்கிறார்கள். இந்த ஓர் உண்மை பிடிபடாதவரை குடும்ப ஆலோசகர் என்கிற உத்தியோகம் எதற்கு என்று நமக்கு விளங்கப் போவதில்லை.

2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வெளிவந்த 'இறுகப்பற்று' என்ற திரைப்படம் இந்த உத்தியோகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. யுவராஜ் தயாளன் இயக்கிய படம். ஷ்ரத்தா ஸ்ரீநாத் நடித்த மித்ரா, தம்பதிகளின் மனஸ்தாபங்களைக் கேட்டு வழிகாட்டுவதையே தொழிலாகக் கொண்டவள். நமது சினிமாவில் மனோதத்துவ டாக்டர் இதற்கு முன்பு வராமலில்லை. 2005-இல் 'சந்திரமுகி'யிலும் வந்தார், 'அந்நிய'னிலும் வந்தார். ஆனால் அங்கெல்லாம் அவர் செய்தது பழைய மந்திரவாதியின் வேலை. மர்ம முடிச்சை அவிழ்த்து, ஜனங்களைப் பிரமிக்க வைப்பதோடு அவர் காரியம் தீர்ந்துவிடும். பைத்தியம் எதுவும் பிடிக்காத சாதாரணப் புருஷனும் பெண்ஜாதியும் ஒரு மூன்றாம் மனுஷியிடம் போய் உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னதற்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

இந்தப் படத்தின் ஆகச் சிறந்த பகுதி மித்ராவின் சொந்த வீடுதான். தொழிலில் கற்ற உபாயங்களை அவள் தன் கணவன் மனோகரிடமும் பிரயோகிக்கிறாள். வீட்டில் சண்டையே வருவதில்லை. தன்னையும் ஒரு 'கேஸ்' மாதிரி அவள் கையாண்டிருக்கிறாள் என்று அறிகிறபோது அவன் மனம் புண்பட்டுப் போகிறான். ஏன்? அவள் செய்தது கெடுதல் ஒன்றுமில்லையே! வெளியாருக்கு மருந்தாயிருந்த அதே பேச்சு வீட்டுக்குள் வந்ததும் ஏன் கசந்தது? வீட்டில் உள்ளவர் நம் பேச்சைக் கேட்கும்போது, அவருக்கென்று ஓர் ஆசையோ ஒரு பயமோ கூடவே உட்கார்ந்து கேட்கிறது. தாய்க்கு, இளைய மகளின் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை. அண்ணனுக்கு, தங்கச்சி மூட்டை முடிச்சோடு திரும்பி வந்துவிடுவாளோ என்ற பயம். ஊர்ப் பஞ்சாயத்துக்கோ ஊர் அமைதி பெரிது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல, சம்பந்தப்பட்டவர்கள், அவ்வளவுதான். சம்பந்தப்பட்டவன் சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லலாகாது.

இவ்வளவு நுட்பமாகப் பார்த்த படம், தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவைத்துவிட்டது என்பதுதான் என் குறை. இறுகப் பற்று! இது ஆலோசனையா, ஆக்ஞையா? படத்தை மட்டும் சொல்வானேன்? 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. கூடவே, முடிந்தவரை சமரசம் செய்துவைக்கப் பாடுபடு என்று கோர்ட்டுக்கும் கடமை விதித்திருக்கிறது. 1992-இல் தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையம் வந்தது. அங்கே புகார் கொடுக்கப் போகிற பெண்ணுக்கும் முதலில் 'கவுன்சலிங்'. அந்த வார்த்தைக்கு நம் ஜனங்கள் கண்டுகொண்ட அர்த்தம், "அனுசரித்துப் போ" என்பது. அடிபட்டு வருகிற ஒருத்தியிடம் இறுகப் பற்று என்றால், அவள் எதைப் பற்றுவது? அடிக்கிற கையையா?

படத்திலேயே பாருங்கள். பிள்ளை பெற்றபின் உடம்பு பருத்துவிட்டது என்பதற்காகப் பவித்ராவை விலக்கத் துடிக்கிறான் ரங்கேஷ். அவளுக்குத் தேவைப்படுவது அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உபாயமா, தன்னைத் தானே மதித்துக்கொள்ளும் தைரியமா? நல்ல ஆலோசகர் இரண்டில் எதையும் அவள் கையில் திணிக்கமாட்டார். அவளே தன்னைப் பார்த்துக்கொள்ளக் கண்ணாடி பிடிப்பார். பற்றுவதா விடுவதா என்பது அவள் முடிவு.

இன்னொரு குறை, இது பட்டணத்துச் சம்பளக்காரர்களின் படம். முதுநகர்த் துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கிறவள் இதைப் பார்த்தால், இந்த வியாதியெல்லாம் குளிர்சாதன அறைக்காரர்களுக்கு வருவது என்றே நினைப்பாள். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் சோனாங்குப்பத்தையும், சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக் கரையையும் சூறையாடியபின் நடந்தது வேறு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் மனத்துயர் ஆற்றும் பணிக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பயிற்சி கொடுத்தது. தொண்டர்கள் வந்து ஜனங்களோடு உட்கார்ந்தார்கள். கடல் கொண்டுபோன பிள்ளையைப் பற்றி அந்நியரிடம் அழுவதில் வெட்கம் என்ன? சாவு ஊருக்குப் பொது. சண்டைதான் வீட்டுக்குச் சொந்தம். புருஷனின் குடியும் பெண்டாட்டியின் கண்ணீரும் சிதம்பர ரகசியம்! திரைக்குப் பின்னால் என்ன என்று ஊருக்கெல்லாம் தெரியும். திரையை விலக்கத்தான் ஒருவருக்கும் மனமில்லை. விலக்கினால், "இவனுக்குக் கீழ்ப்பாக்கம்தான்" என்பார்கள். 1794-இல் சென்னையில் தொடங்கிய ஒரு வைத்தியசாலையின் இடத்தை வசைச்சொல்லாக்கிய பெருமை நம்முடையது.

இந்த வெட்கத்துக்கு உயிர்கள் விலையாகின்றன. உதவியோ தூரத்தில் இல்லை. சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் 2022 முதல் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், காசில்லை. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாதென்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் வைத்தியரைக் கட்டுப்படுத்துகிறது. உயிரை விட முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டுமே தவிரத் தண்டிக்கலாகாது என்பதும் அதே சட்டம். பெற்ற தாய்கூடக் கொடுக்காத ரகசிய வாக்குறுதியைச் சட்டம் கொடுக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

இலங்கைத் தமிழர்கள் இந்தத் தொழிலை 'உளவளத்துணை' என்கிறார்கள். நாம் 'ஆலோசனை' என்கிறோம். ஆலோசனை என்றதும் சொல்கிறவர் உயர்ந்துவிடுகிறார், கேட்கிறவர் தாழ்ந்துவிடுகிறார். கோவலனுக்கும் கண்ணகிக்கும் நாமே புத்தி சொல்லப் புறப்பட்டுவிடுகிறோம். துணை என்பவன் கூட நடக்கிறவன். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை நடக்கிறவளே தீர்மானிக்கலாம். அப்படி ஒரு துணையைத் தேடிப் போகிறவளை நம் தெருவில் யாராவது "பைத்தியம்" என்று சொன்னால், சொல்கிற வாயைத்தான் முதலில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.