நிகழ்வெண் அட்டவணை: நிரப்பத் தெரிகிறது, கட்டத் தெரியவில்லை

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். எழுதவிருக்கும் மாணவர்களே,

உங்களிடம் இருக்கும் கணிதப் பயிற்சி நூலில் புள்ளியியல் பகுதியைத் திறந்து பாருங்க. எத்தனை கேள்விகளில் அட்டவணை முன்பே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்க. வகுப்பிடைவெளி தயார், நிகழ்வெண் தயார். மாணவர் செய்ய வேண்டியது நடுப்புள்ளியை எழுதி, பெருக்கி, கூட்டி, வகுப்பதுதான். அது புள்ளியியல் வேலை இல்லை, பெருக்கல் வேலை.

படிவம் 5 பாடத்திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. வகுப்பெல்லை, நடுப்புள்ளி, குவிவு நிகழ்வெண், ஹிஸ்டோகிராம், ஓகிஃப் என்று வரிசை ஒழுங்காகத்தான் போகிறது. குறை பயிற்சியில் இருக்கிறது. "இந்தத் தரவுக்கு எந்த இடைவெளி பொருந்தும், ஏன்?" என்ற கேள்வி அங்கே அபூர்வம். அதனால் நம் பிள்ளைகள் அட்டவணையை வானத்திலிருந்து விழுந்த ஒன்றாகவே நினைக்கிறார்கள். அதை யாரோ ஒருவர் முடிவெடுத்துக் கட்டினார், வேறு மாதிரியும் கட்டியிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. என் விமர்சனம் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

குலையை எடுத்து நிறுத்துப் பார்ப்போம்

நம் வட்டாரத்துக் கணக்கையே எடுத்துக்கலாம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே அதைத் தொடங்கிய தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தென்னை, நட்டது செம்பனை! அன்றிலிருந்து இன்றுவரை பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செம்பனைக் குலையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு ஏன் நம் பயிற்சித்தாளில் எப்போதும் "ஒரு வகுப்பு மாணவர்களின் உயரம்" மட்டுமே வருகிறது?

கீழே இருப்பது பயிற்சிக்காக நான் எழுதிய தரவு. 20 குலைகளின் எடை, கிலோவில்:

9, 11, 12, 12, 13, 13, 14, 14, 16, 18, 18, 19, 19, 20, 21, 22, 23, 24, 26, 27

மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரிங்க. இரு குழுவுக்கும் வகுப்பளவு 5தான். தொடங்கும் இடம் மட்டும் வேறு.

அட்டவணை அ
5–9: 1
10–14: 7
15–19: 5
20–24: 5
25–29: 2

அட்டவணை ஆ
8–12: 4
13–17: 5
18–22: 7
23–27: 4

இரண்டிலும் கூட்டுத்தொகை 20. இரண்டிலும் பிழை இல்லை. இனி முகட்டு வகுப்பு எது என்று கேளுங்க. முதல் குழு 10–14 என்று சொல்லும். இரண்டாவது குழு 18–22 என்று சொல்லும். குலை அதே குலை, எடை அதே எடை. ஒரு அட்டவணையைப் பார்த்தால் "இந்த நிரையில் சின்னக் குலைதான் அதிகம்" என்று தோன்றும். மற்றதைப் பார்த்தால் "பரவாயில்லை, நல்ல குலைதான்" என்று தோன்றும்.

சராசரியையும் பாருங்க. அ அட்டவணையில் 340 ÷ 20 = 17.0 கிலோ. ஆ அட்டவணையில் 355 ÷ 20 = 17.75 கிலோ. தரவை நேரடியாகக் கூட்டினால் 351 ÷ 20 = 17.55 கிலோ. நடுவெண்ணை ஓகிஃபில் வாசித்தால் அ 16.5 தரும், ஆ 18.2 தரும். உண்மையான நடுவெண் 18.

இந்த வித்தியாசம் கணக்குப் பிழையால் வந்ததல்ல. 11, 12, 12, 13, 13, 14, 14 என்ற ஏழு குலைகளையும் "12 கிலோ" என்று ஒரே பெயரில் அடைத்துவிட்டோம். தொகுத்த தரவு கொடுக்கும் சராசரி ஒரு மதிப்பீடுதான். இதை மாணவர் கையால் செஞ்சு பார்க்காமல் வெறும் வாயால் சொல்லிக்கொடுத்தால் மனத்தில் நிற்காது.

கோடு போடுகிறவர் கையில்

இது ஏன் முக்கியம்? பயிற்சித்தாளுக்கு வெளியே வகுப்பெல்லை என்பது வாழ்க்கையைப் பிரிக்கும் கோடு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு 150 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. குறைந்த மாணவர் பள்ளியை அந்த எல்லையை வைத்துத்தான் வகைப்படுத்துகிறார்கள். தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்த பிறகு, வட சிலாங்கூரில் அந்த வகுப்புக்குள் நிற்கும் பள்ளி எது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் 12 மாணவர் உள்ள பள்ளியும் 145 மாணவர் உள்ள பள்ளியும் அட்டவணையில் ஒரே வகுப்பு, ஒரே நடுப்புள்ளி. முதல் பள்ளியின் கவலை அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை வருமா என்பது. இரண்டாவது பள்ளியின் கவலை வகுப்பறை, ஆசிரியர், போக்குவரத்து. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு ஒரே தீர்வு தேடினால் யாருக்கு உதவும்? 0–29, 30–59, 60–89 என்று பிரித்துக் கட்டிப் பாருங்க. பேச வேண்டிய விஷயமே மாறிவிடும்.

அடுத்தது பி40. 2022 குடும்ப வருமானக் கணக்கெடுப்பின்படி மாதம் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழே பி40. 11,820 ரிங்கிட்டும் அதற்கு மேலும் டி20. நடுவில் எம்40. மாணவர்களிடம் கேளுங்க: டி20 வகுப்பின் நடுப்புள்ளி என்ன? மேல் எல்லையே இல்லாத வகுப்புக்கு நடுப்புள்ளி கிடையாது. அதனால் இப்படிப்பட்ட அட்டவணையை மட்டும் வைத்துச் சராசரி காண முடியாது. ஆனால் நடுவெண் எந்த வகுப்பில் விழுகிறது என்று சொல்லலாம். அதே ஆண்டு நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் 8,479 ரிங்கிட், நடுவெண் 6,338 ரிங்கிட். இரண்டுக்கும் நடுவே 2,000 ரிங்கிட்டுக்கு மேல் இடைவெளி. மேலே உள்ள சிலர் சராசரியை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? 5,249 ரிங்கிட் வீடும் 5,251 ரிங்கிட் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கலாம். பட்டியலில் அவை வேறு வேறு வகுப்பு.

புள்ளி பறிபோகும் இடங்கள்

மாணவர்களே, இதெல்லாம் தேர்வுக்கு எதுக்கு என்று கேட்காதீங்க. அட்டவணையைச் சொந்தமாகக் கட்டியவர் கீழ்க்கண்ட பிழைகளைச் செய்வது குறைவு.

ஒன்று, முகட்டு வகுப்பு கேட்டால் நிகழ்வெண்ணை எழுதுவது. அ அட்டவணையில் விடை 10–14. 7 என்பது விடை இல்லை, அது குலைகளின் எண்ணிக்கை.

இரண்டு, 10–14இன் வகுப்பளவை 4 என்று எழுதுவது. எல்லைகள் 9.5, 14.5. ஆகவே அளவு 5.

மூன்று, சராசரி காண வகுப்புகளின் எண்ணிக்கையால் வகுப்பது. 340 ÷ 5 = 68 என்று எழுதினால் ஒரு நிமிடம் நில்லுங்க. மிகக் கனமான குலையே 27 கிலோ. சராசரி எப்படி 68 ஆகும்? தரவைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் தானாக வரும்.

நான்கு, ஓகிஃபை நடுப்புள்ளியில் குறிப்பது. குவிவு நிகழ்வெண்ணை மேல் எல்லையில் குறிக்கணும். அ அட்டவணைக்கு வளைவு 4.5இல் சுழியத்தில் தொடங்கி 29.5இல் 20க்கு வந்து நிற்கும். நடுப்புள்ளி தேவைப்படுவது நிகழ்வெண் பலகோணத்துக்கு.

ஐந்து, 10–15, 15–20 என்று எல்லையை மோதவிட்டுக் கட்டுவது. 15 கிலோ குலை எந்த வீட்டுக்குப் போகும்?

சொல் சிக்கலும் ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் சராசரி, நடுவெண், முகடு, வீச்சு என்று படித்துவிட்டு வரும் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மின், மெடியான், மோட், ஜூலாட் என்று கேட்கிறது. ‘மின்’ என்றதும் மினிமம் என்று நினைத்துக் குறைந்த எண்ணை எழுதும் மாணவரும் உண்டு. ஆறாம் ஆண்டு ஆசிரியர்கள் கடைசித் தவணையில் ஒரு பாடவேளை ஒதுக்கி, இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் போதும். நிகழ்வெண் என்பதுதான் கெகெராப்பான் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்த பாடத்துக்கு ஓர் இடுபணி

அச்சடித்த அட்டவணையை ஒரு வாரம் ஒதுக்கி வைங்க. மாணவர்களே தரவு சேகரிக்கட்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் என்று வகுப்பில் கேட்டாலே போதும்; தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளையும் பள்ளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளையும் ஒரே தரவில் வருவார்கள். குண்டாலான் முறையில், நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணட்டும். பிறகு ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த இடைவெளியில் அட்டவணை கட்டி, அதன் கீழே ஒரு வரி எழுதட்டும்: "இந்த இடைவெளியை ஏன் தேர்ந்தெடுத்தோம், இதில் எது மறைந்துபோகிறது?"

திருத்தும்போது அந்த ஒரு வரிக்கும் புள்ளி கொடுங்க. அதற்குப் புள்ளி இல்லை என்றால் யாரும் எழுத மாட்டார்கள்.