எட்டு ஆய்வுகளின் சுமை: ஓமியோபதி குறித்த 2005 லான்செட் கட்டுரையும் அதன் மறுவாசிப்புகளும்

ஓமியோபதி மருந்துகளின் பயனுறுதி பற்றிய விவாதத்தில் இருதரப்பினரும் தவறாது எடுத்தாள்வது, 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையாகும். பெர்ன் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் எக்கர் குழுவினர் 110 ஓமியோபதி ஆய்வுகளை, அவற்றுக்கு இணையாகத் தெரிவுசெய்த 110 நவீன மருத்துவ ஆய்வுகளோடு இதில் ஒப்பிட்டனர். உடன்வந்த தலையங்கம் ‘ஓமியோபதியின் முடிவு’ எனத் தலைப்பிடப்பட்டது. அத்தலைப்பைத் தாங்கும் வலிமை தரவுகளுக்கு உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

இரு தொகுதிகளிலும் சிறியனவும் தரங்குறைந்தனவுமான ஆய்வுகளே மிகுதியான பயனைக் காட்டின. எனவே, பெரியனவும் தரமானவையுமான ஆய்வுகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டன. ஓமியோபதியில் எஞ்சியவை 8. நவீன மருத்துவத்தில் 6. வாய்ப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழிருப்பின் மருந்துக்குச் சாதகம் என்பது இக்கட்டுரையின் அளவுகோல். ஓமியோபதிக்குக் கிடைத்த விகிதம் 0.88 (95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.65 முதல் 1.19 வரை), நவீன மருத்துவத்துக்கு 0.58 (0.39 முதல் 0.85 வரை). முன்னதன் இடைவெளி ஒன்றைக் கடந்து செல்வதால், மருந்துப்போலியை விஞ்சிய விளைவு நிறுவப்படவில்லை என்று கூறலாம். விளைவின்மை நிறுவப்பட்டது என்று கூறுதல் வேறு. தலையங்கம் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை.

அதனினும் பெரிய குறை, அந்த எட்டு ஆய்வுகள் எவையென்று கட்டுரையில் சுட்டப்படாமையே. அப்பட்டியல் பின்னரே வெளியிடப்பட்டது. இக்குறையை எடுத்துரைத்தவர்களுள் கிளாவுஸ் லிண்டே குறிப்பிடத்தக்கவர். 1997இல் அதே இதழில் 89 ஆய்வுகளைத் தொகுத்து ஓமியோபதிக்குச் சாதகமான விகிதத்தைக் கண்டவர் அவர்; ஆய்வின் தரம் உயரப் பயன் குறைவதை 1999இல் காட்டியவர்களுள்ளும் ஒருவர். ஆதலின் அவர்தம் கண்டனத்தைக் கட்சிச்சார்பு எனத் தள்ளிவிட இயலாது.

2008இல் லூட்கே, ரூட்டன் ஆகியோர் செய்த மறுபகுப்பாய்வு சிக்கலைத் துலக்கியது. தரமான 21 ஆய்வுகளையும் ஒருசேரக் கொண்டால் விகிதம் 0.76, இடைவெளி 0.59 முதல் 0.99 வரை. பெரிய ஆய்வுகளை மட்டும் கொள்ளுமாறு வரம்பை இறுக்கும்போது இந்தப் புள்ளியியல் உறுதி பெரும்பாலும் நீங்குகிறது. நெடுந்தொலைவு ஓட்டக்காரர் 400 பேரிடம் தசைவலித் தடுப்புக்கென நடத்திய ஒற்றை ஆய்வு முடிவினைப் பெரிதும் மாற்றவல்லதாக இருந்தது. ஓமியோபதி ஆதரவாளர்கள் இந்த 0.76ஐ வெற்றியெனக் கொண்டாடுவது வியப்பளிக்கிறது; மறுபகுப்பாய்வாளர்களே அதனை எத்தரப்புக்கும் நிறுவலாகக் கொள்ளவில்லை. ஓர் ஆய்வைச் சேர்ப்பதாலோ நீக்குவதாலோ தடுமாறும் விகிதத்தின்மேல் எந்தக் கட்சியும் கட்டடம் எழுப்ப முடியாது. வெவ்வேறு நோய்களையும் வெவ்வேறு மருந்துகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கியதன் விளைவு இது.

நோயாளிதோறும் மருந்து வேறுபடுவதால் சமவாய்ப்புச் சோதனை ஓமியோபதிக்குப் பொருந்தாது என்னும் வாதமும் நிற்பதில்லை. மருத்துவர் தம் விருப்பப்படி மருந்தைத் தெரிவுசெய்தபின், வழங்குமிடத்தில் மட்டும் அம்மருந்தோ மருந்துப்போலியோ சமவாய்ப்பில் அளிக்கப்படலாம். அவ்வாறு நடந்த சோதனைகளும் உள.

எக்கர் குழுவினரின் ஒளிவுமறைவைச் சாடுவோர் 1997ஆம் ஆண்டுக் கட்டுரையைத் துணைக்கழைக்கின்றனர். எந்தவொரு தனி நோய்க்கும் ஓமியோபதி தெளிவாகப் பயன்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அக்கட்டுரையே கூறிய பகுதியும் உடன் வாசிக்கப்பட வேண்டும்.