பத்தாம் வசனத்தில் தொடங்கும் ஆலோசனை

புதியம்புத்தூர் தையல் ஊர். ஓட்டப்பிடாரம் வட்டத்தில், மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் காட்டுக்கு நடுவே, ஆயத்த ஆடைத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் ராத்திரியிலும் மெஷின் சத்தம் கேட்கும். பீஸ் கணக்கில் கூலி. திருநெல்வேலி மிஷன் காலத்திலிருந்தே கிறிஸ்தவம் வேரூன்றிய வட்டாரம் இது. ஆகவே கழுத்துவலி, குழுக்கடன், குடித்துவிட்டு வரும் கணவன், பேச்சை நிறுத்திவிட்ட மகள் என எந்தக் கவலைக்கும் ஒரு பெண் முதலில் போகுமிடம் பெரும்பாலும் ஜெபக்கூட்டம்தான். மனநல ஆலோசகரைப் பார்க்க ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறவேண்டும். ஜெபக்கூட்டமோ அடுத்த தெருவில் இருக்கிறது. அங்கே பாய் விரித்து உட்காரலாம், அழலாம், இன்னொரு பெண் தோளில் கை வைப்பாள். இதைக் கேலி செய்யும் பெண்ணியம் எந்தப் பெண்ணுக்கும் உதவாது.

அங்கே அவளுக்குக் கிடைக்கும் ஆலோசனை வேதத்திலிருந்து வருகிறது என்பதில் நமக்குப் புகார் இல்லை. வேதத்தில் பாதி மட்டும் வருகிறது என்பதே நம் விமர்சனம். அந்தப் பாதியை அவளுக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பெண்கள் கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கப்படும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதி அது. அவள் இருட்டோடு எழுகிறாள், இரவில் அவள் விளக்கு அணைவதில்லை, துணி தயாரித்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். புதியம்புத்தூர்ப் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான பகுதி வேதத்தில் இல்லை. ஆனால் இந்த வாசிப்பு வழக்கமாகப் பத்தாம் வசனத்தில்தான் தொடங்குகிறது. முதல் ஒன்பது வசனங்களில் என்ன இருக்கிறது? லேமுவேல் என்ற அரசனுக்கு அவன் தாய் சொன்ன புத்திமதி இருக்கிறது. பெண்களிடம் உன் பலத்தை இழக்காதே, மதுவைத் தொடாதே, குடித்தால் நியாயம் மறந்துபோகும், பேச முடியாதவர்களுக்காக உன் வாயைத் திற, ஏழைக்கு நியாயம் செய் என்கிறாள் அந்தத் தாய். ஓர் ஆணுக்கு ஒரு பெண் தரும் ஆலோசனை அது. அதைத் தாண்டிப்போய்ப் பெண்ணுக்கான உழைப்புப் பட்டியலில் வாசிப்பைத் தொடங்குகிறோம்.

பத்தாம் வசனம் முதல் வருவது தனிப்பாடல் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்த 22 வசனங்கள் அவை. ஆனாலும் அந்தப் பாடலைக் குடிக்காதே என்ற தாயின் சொல்லுக்கு அடுத்து வைத்தவர்கள் வேதத்தைத் தொகுத்தவர்களே. அந்தப் பாடலையும் நாம் முழுதாகக் கேட்பதில்லை. அவளுடைய கைகளின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்று முடிகிறது அது. ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்க்கும் வாசலில் அவள் உழைப்பு பேசப்படவேண்டும் என்கிறது. கடைசி வசனம் கூலியைப் பற்றியது. அதை வைத்து பீஸ் ரேட் பற்றி ஒரு பிரசங்கம் செய்யலாம். அந்தக் கூலி யார் கையில் போய்ச் சேருகிறது என்றும் கேட்கலாம். ஆனால் களைத்துப்போனவளுக்குக் கிடைப்பது, இன்னும் அதிகாலையில் எழுந்து ஜெபி என்ற ஆலோசனை.

எபேசியர் 5ஆம் அதிகாரத்துக்கும் இதே கதிதான். கல்யாண மேடையிலும் கணவன் மனைவி சண்டையிலும் எடுக்கப்படுவது 22ஆம் வசனம். மனைவி கீழ்ப்படியவேண்டும் என்பது அது. அதற்கு முந்திய வசனம் எல்லாரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்குச் சொந்த வினைச்சொல்லே கிடையாது. முந்திய வசனத்தின் வினையைக் கடன் வாங்கித்தான் அது நிற்கிறது. முந்தியதை வெட்டிவிட்டால் பிந்தியது நிற்காது. நாம் வெட்டித்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இந்த வெட்டுக்கு ஒரு கோட்பாட்டுப் பின்புலமும் உண்டு. 1970இல் அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் எழுதிய புத்தகம் வேதாகம ஆலோசனை என்ற இயக்கத்துக்கு வழிவகுத்தது. உடல்நோயால் வராத மனத்துன்பங்களின் வேர் பெரும்பாலும் பாவம், அதை வசனத்தைக் கொண்டு எதிர்கொண்டு திருத்தவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் பெயரையே கேட்டிராத பல ஆலோசகர்களிடமும் இந்தத் தர்க்கம் வேலை செய்கிறது. துன்பப்படுகிறவளின் உள்ளத்திலேயே குறையைத் தேடும் தர்க்கம் இது. அடித்தவன் வீட்டில் இருக்க, அடிபட்டவளிடம்தான் மன்னித்தாயா என்ற கேள்வி போகிறது.

ஆலோசனை எப்படிக் கொடுமைக்குத் துணைபோகும் என்பதை வேதமே காட்டுகிறது. 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமாரை அவள் அண்ணன் அம்னோன் வன்புணர்வு செய்கிறான். அதற்கு வழி சொல்லிக்கொடுத்தவன் யோனதாப், பெரிய புத்திசாலி என்று பெயரெடுத்தவன். தாமார் அம்னோனிடம் வாதாடினாள். பிறகு தலையில் சாம்பலைப் போட்டு, உடையைக் கிழித்து, சத்தமிட்டு அழுதபடி தெருவில் நடந்தாள். அவளைச் சும்மாயிருக்கச் சொன்னவன் உடன்பிறந்த அப்சலோம். அம்னோன் உன் அண்ணன்தானே, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றான். தகப்பனுக்குக் கடுங்கோபம் வந்தது, அதோடு சரி. இரண்டு வருடம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்வித்தான். அதனால் தாமாருக்கு எந்த நியாயமும் வரவில்லை. அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடந்தாள் என்பதோடு அவள் கதை முடிகிறது. ஃபிலிஸ் டிரிபிள் 1984இல் பயங்கரத்தின் பிரதிகள் என்று பெயரிட்டு ஆராய்ந்த கதைகளில் இதுவும் ஒன்று. குடும்ப மானத்துக்காகப் பொறுத்துக்கொள் என்று இன்று சொல்கிறவர்கள், தாங்கள் அப்சலோமின் வசனத்தைப் பேசுகிறோம் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

பொறுமைக்குச் சட்டமும் நெடுங்காலம் காவல் நின்றது. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவன் மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றையே காட்டி விவாகரத்து பெறலாம். மனைவிக்கோ கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருக்கவேண்டும். கொடுமை மட்டும் போதாது. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இது மாற 2001 வரை, அதாவது 132 ஆண்டுகள் ஆயின. இன்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் உண்டு. அதன்படி அவள் வீட்டைவிட்டு வெளியேறாமலே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. ஜெபத்தின் முடிவில் இந்த எண்ணைச் சொல்வதால் விசுவாசம் குறைந்துவிடாது.

நல்ல ஆலோசனைக்கும் வேதத்தில் இடமிருக்கிறது. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில், பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி பார்த்தவுடன் அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக் கண்டிக்கிறான். அன்னாள் பணிந்து போகவில்லை. மரியாதையோடு, நான் குடிக்கவில்லை, மனம் நொந்தவள், என்னைக் கெட்டவள் என்று எண்ணாதேயும் என்று மறுக்கிறாள். அதன்பின் ஏலி தன் தீர்ப்பை விட்டுவிட்டு அவளை ஆசீர்வதித்து அனுப்புகிறான். அன்றே அவள் சாப்பிட்டாள், முகவாட்டம் நீங்கியது. பிள்ளை பிறந்தது பிறகுதான். கேட்கப்பட்டதே அவளுக்கு முதல் ஆறுதல் என்று இதை வாசிக்கலாம்.

அன்னாளுக்கு மறுத்துப் பேச இடம் இருந்தது, தாமாருக்கு அந்த இடம் மறுக்கப்பட்டது. நமக்குத் தரப்படும் எந்த ஆலோசனையையும் இதை வைத்தே அளக்கலாம். இது என்னைப் பேசவிடுகிறதா? எனக்குத் தீங்கு செய்தவரிடமும் ஏதாவது கேட்கிறதா? இந்த வட்டாரத்தில் வேதாகமப் பெண்கள் வீடு வீடாகச் சென்று நம் முன்னோடிப் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தது அவர்களே வேதத்தை வாசிப்பதற்காகத்தான். அந்த வாசிப்பு நம் உரிமை. அடுத்த கூட்டத்தில் யாராவது பத்தாம் வசனத்தில் தொடங்கினால், முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆண்களும் வந்திருக்கும் ஞாயிறு ஆராதனையில் கேட்டால் இன்னும் நல்லது.