ஒன்பது நடை

“2,243 மீட்டர்தானா? எங்க தொட்டபெட்டாவே 2,637!” என்றான் கோத்தகிரி மச்சான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு மஸ்கெலியாவை விட்டுப் போன குடும்பத்தில் கோத்தகிரியிலேயே பிறந்தவன், நல்ல ஓட்டக்காரன். அவன் சிவனொளிபாதமலையை உயரத்தால் அளந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தது எவரெஸ்டிங் பற்றி. அதில் உச்சி எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரே மலையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, இடையில் தூங்காமல், ஏறிய உயரம் மட்டும் 8,848 மீட்டர் சேர வேண்டும்.

மச்சான் பழகுவது தார்ச்சாலையில். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலை என்றால் ஏற்றம் மட்டுமே ஏறக்குறைய 177 கிலோமீட்டர் ஓட வேண்டும். நல்லதண்ணியிலிருந்து எங்கள் உச்சிக்கு ஏற்றம் சுமார் 1,000 மீட்டர், படிகள் 5,500 அளவில். அவன் ‘ரிப்பீட்’ என்பான். நாங்கள் ‘நடை’ என்போம். ஒன்பது நடையில் கணக்கு முடிந்துவிடும். தூரம் குறைவுதான், ஆனால் கிட்டத்தட்ட 50,000 படி. சாலையில் ஒரே சீராக அடி வைக்கலாம். இங்கே ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். உச்சிக்குக் கீழே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்கும்போதுதான் தொடை நடுங்கத் தொடங்கும்.

படியோட்டத்தை ஒழுங்காக நடத்துவதில் இந்தியா முன்னே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குஜராத்தின் கிர்னார் மலையில் ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. ஆண்கள் அம்பாஜி கோயில் வரை சுமார் 5,500 படியும் பெண்கள் மாளி பரப் வரை 2,200 படியும் ஏறி இறங்குகிறார்கள். காணொளியில் பார்க்கவே மெய்சிலிர்க்கும்.

ஆனால் டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில், இரவில், எங்கள் மலையில் ஓடுவதற்கு ஈடில்லை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை விளக்குகள் எரியும். பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லோரும் ஏறும் வழி அது. கம்பியைப் பற்றி ஏறும் பாட்டிக்கு ஓடுபவன்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். “மெதுவாப் போ தம்பி” என்பவரே இஞ்சி போட்ட சாயத்தண்ணியையும் நீட்டுவார். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை தரம் உச்சியில் மணி அடிப்பது வழக்கம். எவரெஸ்டிங் வருவதற்கு முன்பே ஏறிய தடவைகளை எண்ணி மதித்த மலை இது.

மலை ஏறுவது எங்கள் தோட்டத்துச் சனத்துக்குப் பொழுதுபோக்காக வந்ததல்ல. முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து இந்த மலைகளுக்கு வந்தார்கள். இன்றும் எங்கள் பெண்கள் கொழுந்துச் சுமையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். அந்த மீட்டர்களை எந்தக் கைக்கடிகாரமும் பதிவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூச்சும் காலும் பிறப்பிலேயே இருக்கின்றன. கிடைக்காதது நல்ல சப்பாத்தும் பயிற்சியும்தான்.

கிர்னாரின் ஒழுங்கை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நேரம் குறிப்பவர்களும் மருத்துவரும் நிற்க, யாத்திரைக்காரர்களுக்கு இடையூறு வராத ஒரு வார நாளில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று நல்லதண்ணியில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்க வேண்டும். அந்த மலையடியில் வளர்பவர்களின் பெயர் அதன் பந்தயப் பட்டியலில் முதலில் வரட்டும்.