கரிசல் காட்டில் ஐந்து குதிரைத்திறன் டீசல் இன்ஜின்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் நிலத்துக்கு ஏற்ற டீசல் பம்புசெட்டை மதிப்பிட முற்படுவோர், அது ஓடும் மணிக்கணக்கைக் காட்டிலும், ஓடாமல் கிடக்கும் மாதங்களையே முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெறும் இந்த மானாவாரிப் பகுதியில், ஐப்பசி, கார்த்திகையில் பண்ணைக்குட்டையிலும் ஓடையிலும் சேரும் நீரை, தை மாதத்தில் வாடத் தொடங்கும் பருத்திக்கும் மிளகாய்க்கும் ஓரிரு தண்ணீராகப் பாய்ச்சுவதே இன்ஜினின் வேலை. தமிழகத்தில் விவசாய மின்சாரம் 1990 முதல் முற்றிலும் இலவசம் என்றாலும், அந்த இணைப்பு பெரும்பாலும் கிணற்று மேட்டோடு நின்றுவிடுவதால், குட்டைக்கரைக்கு இன்றும் டீசல் இன்ஜின்தான் போக வேண்டியிருக்கிறது.

இங்கு ஆராயப்படுவது கிர்லோஸ்கர் ஏவி1 வகையைச் சேர்ந்த, நீரால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 110 மில்லிமீட்டர், கொள்ளளவு 553 சி.சி.; நிமிடத்துக்கு 1,500 சுற்றில் 3.7 கிலோவாட், அதாவது ஐந்து குதிரைத்திறன் தரும் இது, முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும். பேட்டரியோ மின்சுற்றோ இல்லாமல் ஹேண்டிலால் சுற்றியே கிளப்பலாம் என்பதே காட்டில் இதன் பெரிய பலம். சிலிண்டருக்குள் காற்று அமுங்காதபடி வால்வைத் திறந்து வைக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்றும்போது, டீசலைப் பனிபோலச் சிதறடிக்கும் நாசிலிலிருந்து 'கிர்ர்' என்று ஒரு நறநறப்பு கேட்க வேண்டும். அது கேட்டால் டீசல் வந்துசேர்ந்துவிட்டது என்று பொருள், லீவரை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

கேட்காவிட்டால், கிளம்பும்வரை சுற்றிச் சுற்றித் தோள்பட்டையை நோகடிப்பதில் பயனில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்து வழியை அடைத்துக்கொள்வதை மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பார்கள். டேங்க் வற்றும்வரை ஓட்டினாலும், எலி கடித்த ரப்பர் குழாயாலும் இது நேரும். பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் ஒரே சீராக வழியும்போது முறுக்கி, பிறகு பியூயல் பம்பிலும், கடைசியாக நாசில் முனை நட்டிலும் அதையே செய்ய வேண்டும். இந்த வரிசை மாறினால் பின்னால் தங்கிய காற்று மறுபடி முன்னால் வரும். ஒன்பது மாதம் பாதி டேங்க் டீசலோடு நின்ற இன்ஜினில், பகல் வெக்கையும் இரவுக் குளிர்ச்சியும் மாறிமாறி வருவதால் டேங்கின் உள்சுவரில் வியர்க்கும் நீர் அடியில் தங்கிவிடும் என்பதால், பருவத்தின் முதல் நாளில் அடித்திருகைத் திறந்து ஒரு டம்ளர் அளவு வடித்துக் கண்ணாடிப் புட்டியில் பார்ப்பது நல்லது. டீசலுக்கு அடியில் நீர் தனிக்கோடாகத் தெரியும்.

கரிசல் மண்ணின் தனித் தொல்லை வேறு. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும் இந்தக் களிமண்ணின்மேல் போட்ட கான்கிரீட் மேடை ஒவ்வோர் ஆண்டும் சற்று அசைவதால், இன்ஜின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டிலிருந்து விலகி, இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் புஷ் தூளாகிறது. கப்ளிங்கின் இரு முகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேல், கீழ், பக்கவாட்டு என நான்கு இடங்களில் சரிபார்க்கக் கால் மணி நேரம்தான் ஆகும். இதைச் செய்யாதவர்களே பேரிங்கைக் குறை சொல்கிறார்கள். ஆடிக்காற்றில் பறக்கும் புழுதி நிற்கும் இன்ஜினுக்குள்ளும் இறங்குமென்பதால், சைலன்சர் வாயில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது அவசியம். காற்றை எண்ணெய்ச் சட்டியின் வழியே இழுத்துத் தூசியைப் பிடிக்கும் ஏர் கிளீனரில், எண்ணெய் அல்வாபோல் இறுகிவிட்டால் காற்று போதாமல் கரும்புகை வரும். நீலப்புகை பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிவதையும், விடாத வெண்புகை டீசல் முழுதாக எரியாததையும் காட்டும்.

குளிர்விப்பில் பலர் எதிர்த்திசையில் தவறுகிறார்கள். பம்பு இறைக்கும் நீரின் ஒரு பகுதியே சிலிண்டரைச் சுற்றி ஓடித் திரும்பும் அமைப்பில், வால்வை முழுக்கத் திறந்துவிட்டால் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து, டீசல் அரைகுறையாக எரிந்து நாசில் முனையில் கரி கட்டும். வெளியேறும் நீர், கை வைத்தவுடன் எடுக்க வைக்கும் சூட்டில் இருக்க வேண்டும். டீசல் எங்கே எரிந்தாலும் சூடாக, முழுதாக எரியவே விரும்புகிறது. கலங்கிய குட்டை நீர் சிலிண்டர் சுற்றறையில் வண்டலாகப் படிவது வேறு கதை. பருவம் முடிந்ததும் அதைக் கழுவிவிட வேண்டும்.

இன்ஜின் எளிதாக ஓடி, புகையும் இல்லாமல், தண்ணீரும் வராவிட்டால் குறை இன்ஜினில் இல்லை. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் சருகோ சேறோ சிக்கியிருக்கும், அல்லது நீர்மட்டம் பம்புக்கு ஆறேழு மீட்டருக்கும் கீழே போயிருக்கும். அந்த ஆழத்துக்குமேல் எந்த இன்ஜினாலும் உறிஞ்சி எடுக்க இயலாது.

நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் ஓடும், காற்றால் குளிரும் இலகுவான டீசல் பம்புகளை இருவர் தூக்கிச் செல்லலாம். ஒரு குட்டையை நாலு பேர் பகிரும் இடத்தில் அவை பொருந்தும். ஆனால் அவற்றின் குளிர்ச்சித் துடுப்புகளில் புழுதி அப்பினால் சூடேறும், காதைப் பிளக்கும் இரைச்சலும் உண்டு. ஏவி1 வகையின் குறை எடைதான். மழை தொடங்கியபின் கரிசலில் டிராக்டரே புதையும் என்பதால், புரட்டாசி முடிவதற்குள் அதைக் கரையில் இறக்கியாக வேண்டும்.